பற்றீரியாவினால் ஆக்கப்படும் வெள்ளி நனோத் துணிக்கைகள்: கமக்காரர் அறிந்திருக்கவேண்டியவை



சென்ற சிறுபோகத்தில் எனது பிரிவைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் காலையில் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கையில் மண்ணிற நீர் நிறைந்த ஒரு போத்தல் இருந்தது. கால் ஏக்கரில் தக்காளி நட்டிருந்தார். காய் பிடிக்குந் தறுவாயில் செடிகள் ஒவ்வொன்றாக வாடின. நகை அடகு வைத்துச் செய்த செய்கையாதலால் மனம் பதைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்போத்தலை வாங்கி மும்முறை தெளித்துவிட்டார். “இது வெள்ளியில் செய்தது, பற்றீரியாவே செய்து கொடுப்பதாம், நஞ்சன்று என்றும் சொன்னார்கள். ஆனால் வாடல் நிற்கவில்லை. இது பொய்யா, மெய்யா?” என்று கேட்டார்.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. பற்றீரியாவைக் கொண்டு வெள்ளி நனோத் துணிக்கை ஆக்குதல் மெய்யான விஞ்ஞானமே. ஆயினும் அம்மெய்யிலிருந்து, உங்கள் தக்காளிப் பாத்தியைக் காக்கும் மருந்து ஒன்று கிடைப்பதற்கு இடையிலே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தை அறியாதவர் பணத்தையும் பயிரையும் இழப்பர். ஆகவே இவ்விடயத்தை முதலிலிருந்து விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நனோத் துணிக்கை என்பது யாது?

1 மில்லிமீற்றர் நீளத்தைப் பத்து இலட்சம் சம கூறுகளாக்கினால், ஒரு கூறு 1 நனோமீற்றர் ஆகும். ஏறக்குறைய 1 முதல் 100 நனோமீற்றர் வரை பருமனுள்ளவையே நனோத் துணிக்கைகள் எனப்படுகின்றன. நோய் விளைக்கும் ஒரு பற்றீரியா 1,000 முதல் 2,000 நனோமீற்றர் வரை நீளமுடையது. கண்ணுக்குத் தெரியாத அப்பற்றீரியாவின் உடலோரத்தில், 10 நனோமீற்றர்ப் பருமனுள்ள வெள்ளித் துணிக்கைகள் நூறு, நெல்மணிகளை வரிசையாக வைத்ததுபோல் அடங்கும்.

இவ்வளவு சிறிதாக்குவதாற் பயன் என்னவெனில், மேற்பரப்புப் பெருகுதலாகும். விறகுக் கட்டையைப் பிளந்தால் விரைவில் எரிகின்றது; எருவைப் பொடியாக்கினால் விரைவில் மண்ணுடன் கலக்கின்றது. அதுபோலவே, ஒவ்வொரு பக்கமும் 1 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு வெள்ளிக் கனத்துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. அதனை 10 நனோமீற்றர்க் கனங்களாகப் பிரித்தால், அவற்றின் மேற்பரப்புக்கள் சேர்ந்து 600 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 24 பேர்ச் ஆகும். வெள்ளியின் நிறை மாறவில்லை. நீருடனும் கிருமியுடனும் தொடுகின்ற பரப்பே பெருகியது.

“நனோ” என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் தருவிக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தோர், யூரியாவை மெல்ல மெல்ல விடுவிக்கும் நனோப் பசளை பற்றிய தம் ஆய்வை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எனவே நனோ என்று சொல்லப்படுவன எல்லாம் ஏமாற்று என்று தள்ளுதலும் பிழை. எல்லாம் அற்புதம் என்று கொள்ளுதலும் பிழை. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

பற்றீரியா வெள்ளித் துணிக்கையை ஆக்குவது எவ்வாறு?

வெள்ளியானது நைத்திரிக்கு அமிலத்திற் கரைந்து வெள்ளி நைத்திரேற்று என்னும் உப்பாகின்றது. அவ்வுப்பு நீரிற் கரையும்போது வெள்ளி, அயன் என்னும் மின்னேற்றமுள்ள நிலையை அடைகின்றது. அந்நிலையில் அது பெரும்பாலான பற்றீரியாக்களுக்கு நஞ்சாகும். அந்நஞ்சிலிருந்து தப்பும் பொருட்டுச் சில பற்றீரியாக்கள் தம் நொதியங்களாலும் புரதங்களாலும் அயனுக்கு இலத்திரனைக் கொடுத்து, அதனை மீண்டும் திண்ம வெள்ளியாக மாற்றிவிடுகின்றன. அவ்வாறு படியும் நுண்ணிய வெள்ளி மணிகளே நாம் பேசும் துணிக்கைகள். பற்றீரியாவின் புரதம் அம்மணிகளைப் போர்த்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதவாறும் காக்கின்றது.

வெள்ளிச் சுரங்கமொன்றிலிருந்து பெறப்பட்ட சூடோமோனசு சிற்றுற்செரி என்னும் பற்றீரியா, தன் உடலினுள்ளே 200 நனோமீற்றர் வரையான வெள்ளிப் பளிங்குகளைச் சேர்த்து வைக்கின்றது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நமக்கு இன்னும் அண்மையான செய்தி சென்னையிலிருந்து வந்தது. அங்குள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் நாயர், பிரதீப் என்போர் மோரிலுள்ள இலற்றோபசிலசுப் பற்றீரியாக்களைப் பொன், வெள்ளி ஆகியவற்றின் அயன் கரைசல்களிலிட்டு, அவற்றினுள் உலோகப் பளிங்குகள் வளர்வதைக் கண்டு 2002ஆம் ஆண்டில் அறிவித்தனர். பாலைத் தயிராக்கும் அதே கிருமிகள்தாம் இவ்வேலையையும் செய்தன.

2003ஆம் ஆண்டில் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தார், பியூசேரியம் ஒட்சிசுபோரம் என்னும் பங்கசு வெள்ளித் துணிக்கைகளைத் தன் உடலுக்குப் புறத்தே, நீரிலேயே ஆக்குவதைக் காட்டினர். அவற்றின் பருமன் 5 முதல் 15 நனோமீற்றர். தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளில் பெரிய வெங்காயஞ் செய்வோர் இப்பங்கசின் இனத்தை அடியழுகல் நோயின் காரணியாக அறிவர். துணிக்கை புறத்தே தோன்றுதல் பெருநன்மையாகும்; உடலை உடைத்துப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் கலசலிங்கம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பசிலசு இலைக்கெனிபோமிசு என்னும் பற்றீரியாவை வளர்த்து வடித்த நீரைக் கொண்டே வெள்ளித் துணிக்கைகளை ஆக்கினர்.

ஆய்வுகூடத்தில் நிகழும் முறை சுருக்கமாக இதுவாகும். தெரிந்தெடுத்த பற்றீரியாவைத் தூய ஊட்டநீரில் ஒரு நாள் வளர்ப்பர். பின்பு சுழற்றிக் கிருமியைப் பிரித்துத் தெளிந்த நீரை எடுப்பர். அதனுடன் அளந்த வெள்ளி நைத்திரேற்றைச் சேர்ப்பர். வெளிர்மஞ்சள் நீர் சிறிது சிறிதாக மண்ணிறமாகும். நிறம் மாறுதல் துணிக்கை தோன்றியதற்கு அறிகுறியேயன்றி அதன் தரத்துக்குச் சான்றாகாது. தேயிலைச் சாயமும் மண்ணிறமே. பருமன், செறிவு, தூய்மை என்பவற்றைக் கருவிகளைக் கொண்டே அறிதல் கூடும். ஆதலால் ஒரு போத்தலின் நிறத்தைப் பார்த்து உள்ளிருப்பது வெள்ளிதான் என்று நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது.

வெள்ளி கிருமியைக் கொல்லுமா?

கொல்லும். இது பழைய அறிவே. பிறந்த குழந்தைகளின் கண்ணோய்க்கு மிகவும் ஐதான வெள்ளி நைத்திரேற்றுத் துளி இடும் வழக்கம் 1880ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே தொடங்கிற்று. வெள்ளி அயன் கிருமியின் புறச்சவ்வைத் தாக்கி, உள்ளேயுள்ள புரதங்களின் கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு, அதன் மூச்சையும் பெருக்கத்தையும் தடுக்கின்றது. நனோத் துணிக்கை அவ்வயனைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் களஞ்சியம் போன்றது.

பயிர்நோய்களிலும் இது சோதிக்கப்பட்டுள்ளது. காசியிலுள்ள பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தார், செறேசியா என்னும் பற்றீரியாவினால் ஆக்கிய வெள்ளித் துணிக்கைகள் கோதுமையில் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் பங்கசை அடக்குகின்றன என்று 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவ்வாறான முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் கண்ணாடித் தட்டிலும் சட்டியிலும் கண்ட வெற்றி, மழையும் வெயிலும் மண்ணும் உள்ள வயலில் அவ்வாறே கிடைக்கும் என்று எண்ணலாகாது.

வயலில் எதிர்ப்படும் தடைகள் நான்கு

முதலாவது, கிருமி இருக்குமிடம். அக்கமக்காரரின் தக்காளியை வாட்டியது றல்சுதோனியா சொலனசியாறம் என்னும் மண்வாழ் பற்றீரியா. அது வேர்க்காயத்தின் வழியே புகுந்து, தண்டின் உள்ளே நீர் செல்லும் குழாய்களிற் பெருகி அவற்றை அடைத்துவிடுகின்றது. இலையின்மேல் தெளித்த திரவம் தண்டின் உட்குழாயையும் அடையவில்லை. வேரைச் சூழ்ந்த மண்ணையும் அடையவில்லை. வீட்டுக்குள்ளே கள்வன் இருக்கக் கூரைக்கு நீர் தெளித்தது போலாயிற்று.

இரண்டாவது, அளவு. ஒரு போத்தலில் இலீற்றருக்கு 20 மில்லிகிராம் வெள்ளி உண்டு எனக் கொள்வோம். அரை இலீற்றர்ப் போத்தலில் 10 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். இது ஒரு நெல்மணியின் நிறையில் ஏறக்குறையப் பாதியாகும். அதனை 16 இலீற்றர்த் தெளிகருவியில் நீருடன் கலந்தால், இலீற்றருக்கு 0.6 மில்லிகிராம் ஆகிவிடும். ஆய்வுகூடங்களிலே கிருமிகளை அடக்குதற்குப் பெரும்பாலும் இலீற்றருக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரை தேவைப்படுகின்றது. போத்தலின் விலையை அதிலுள்ள வெள்ளியின் நிறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, மண். வெள்ளிக்கு நன்மை செய்யும் பற்றீரியா எது, தீமை செய்யும் பற்றீரியா எது என்னும் வேறுபாடு தெரியாது. நீங்கள் இடும் யூரியாவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுபவை பற்றீரியாக்கள். போஞ்சி, பயறு, கௌப்பி ஆகியவற்றின் வேர்முடிச்சுக்களிலிருந்து காற்றின் நைதரசனைப் பிடித்துத் தருபவையும் பற்றீரியாக்கள். அளவு மிகுந்து வெள்ளியை மண்ணில் ஊற்றினால் இவற்றுக்கும் கேடு விளையலாம். மறுபுறத்தில், நீர் நிற்கும் நெல்வயற் சேற்றிலே வெள்ளி கந்தகத்துடன் கூடிக் கரைதற்கரிய வெள்ளிச் சல்பைட்டாகி, தன் வலிமையிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. ஓரிடத்தில் வேண்டாத கேடு. மற்றோரிடத்தில் வேண்டிய பயனின்மை.

நான்காவது, நீர். வெள்ளி உலோகமாதலால் அது உக்கி மறைவதில்லை. சுதுகங்கையும் அம்பன்கங்கையும் நம் மாவட்டத்தின் வாய்க்கால்களோடு தொடர்புடையவை. மேல்வயலிற் கழித்த நீர் கீழ்வயலுக்கும், பின்பு குளத்துக்கும் செல்கின்றது. கரைந்த வெள்ளி மீன்களுக்கும், மீன்கள் உண்ணும் நீர்ப்பூச்சிகளுக்கும் மிகச் சிறு அளவிலும் நஞ்சாகும். எனவே “நஞ்சன்று” என்று விற்பவர் கூறியது சரியன்று.

போத்தலை வாங்குமுன் கேட்கவேண்டியவை

நோயை அல்லது பீடையை அழிக்கும் என்று கூறி விற்கப்படும் எப்பொருளும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்படல் வேண்டும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் உளதா?

2. பதிவிலக்கம், தொழிற்படும் பொருளின் பெயர், அதன் செறிவு என்பன குறிக்கப்பட்டுள்ளனவா?

3. எப்பயிரின் எந்நோய்க்கு, என்ன அளவில் என்பது கூறப்பட்டுள்ளதா? “எல்லா நோய்க்கும்” என்றிருந்தால் ஐயுறுங்கள்.

4. தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது உளதா? நீங்கள் தம்புள்ளைச் சந்தைக்கு அனுப்பும் மரக்கறியைப் பிறர் பிள்ளைகள் உண்கின்றனர்.

5. பற்றுச்சீட்டுத் தருகின்றனரா? சீட்டில்லாதவனைத் தேடிப் பிடித்தல் அரிது.

இவற்றுள் ஒன்றேனும் இல்லையாயின் வாங்காதீர்கள். போத்தலை எங்களிடம் காட்டுங்கள். வேண்டின் பேராதனையிலுள்ள பீடைநாசினிப் பதிவாளருக்கு அறிவிப்போம்.

மோரில் இது நிகழ்கின்றது என்று மேலே கூறியதைக் கொண்டு, வீட்டிலே செய்துபார்க்க முயலவேண்டாம். வெள்ளி நைத்திரேற்றுத் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கும், கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு, விழுங்கினால் ஆபத்து. அளவு தெரியாத துணிக்கைநீரால் பயிருக்கும் நன்மையில்லை.

இன்று நீங்கள் செய்யக்கூடியவை

வெள்ளி மருந்து நாளை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் பற்றீரியா நோயை இன்றே அடக்குதற்கான வழிகள் உங்கள் கையில் உள்ளன.

நோயை அறியும் சோதனை: இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடினால், அடித்தண்டில் விரலளவு துண்டொன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரில் அமிழும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளிழை கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். இழை இறங்காது, கீழிலைகள் முதலில் மஞ்சளாகி வாடியிருந்தால் அது பங்கசு வாடலாக இருக்கலாம். செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் எம்மருந்தும் வாங்கவேண்டாம்.

தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செய்கையில்: வாடிய செடியை வேருடனும் வேரைச் சூழ்ந்த மண்ணுடனும் அகற்றி எரியுங்கள், கூட்டெருக் குழியில் இடாதீர்கள். அவ்விடத்தின் ஊடாக மற்றப் பாத்திக்கு நீர் பாய்ச்சாதீர்கள். மண்வெட்டியைக் கழுவியபின் அடுத்த பாத்தியிற் பயன்படுத்துங்கள். களை பிடுங்கும்போது வேரைக் காயப்படுத்தாதீர்கள். பாத்தியை உயர்த்தி வடிகால் அமையுங்கள். நாற்றுமேடைமீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண்ணைச் சுத்தஞ் செய்தபின் விதையிடுங்கள். நோய் கண்ட நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய ஒரே குடும்பப் பயிர்களை மாறிமாறி இடுதல் பயிர்ச்சுழற்சி ஆகாது. நெல், சோளம் போன்ற வேற்றுக் குடும்பப் பயிரை இடுங்கள். பெரும்போகத்தில் நெல் செய்து வயலில் நீர் நிறுத்துதல் இக்கிருமியைக் குறைக்கும் நல்வழியாகும்.

நெற்செய்கையில்: இலையின் நுனியும் ஓரமும் அலைவடிவாக மஞ்சளாகிக் காய்ந்தால், அது பற்றீரியா இலை வெளிறல் நோயாக இருக்கலாம். நோயுற்ற இலைத்துண்டை நீரிலிட்டால், வெட்டுமுகத்திலிருந்து கலங்கல் வெளிப்படும். இந்நோய் கண்டபோது யூரியாவை மேலும் இடுதல் எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போலாம். சிபார்சு செய்த அளவைப் பல முறையாகப் பிரித்திடுங்கள். பொற்றாசுப் பசளையைத் தவறவிடாதீர்கள். நாற்றின் நுனியைக் கிள்ளி நடவேண்டாம். நோயுள்ள வயலின் நீரை நோயற்ற வயலுக்கு விடாதீர்கள். வரம்பிலுள்ள புற்களையும் அறுவடைக்குப்பின் துளிர்க்கும் தாள்களையும் அழியுங்கள். விதைநெல்லை நோயற்ற வயலிலிருந்தே எடுங்கள்.

முடிவுரை

போத்தலுடன் வந்த அக்கமக்காரருடன் நான் அவருடைய தோட்டத்துக்குச் சென்றேன். குவளை நீரிலே தண்டை அமிழ்த்தினோம். வெள்ளிழை இறங்கிற்று. அவர் நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதை முதலிலேயே பார்த்திருந்தால் ஐந்தாறு செடியோடு போயிருக்கும்” என்றார். அதற்கு மறுமொழி கூற எனக்கு இயலவில்லை. அவ்விழப்பில் என்னுடைய பங்கும் உண்டு. அச்சோதனையை அவ்வூரிலே நான் முன்னரே செய்துகாட்டியிருக்க வேண்டும். பெரும்போகத்தில் அந்நிலத்தில் நெல்லிட்டார். அடுத்த தக்காளியை வேறு காணியில் நடுதற்கு எண்ணியிருக்கிறார்.

விஞ்ஞானம் கமக்காரனுக்குப் பகையன்று. அரைகுறையாகச் சொல்லப்படும் விஞ்ஞானமே பகை. பற்றீரியா ஆக்கும் வெள்ளித் துணிக்கை ஒருநாள் பதிவுபெற்ற மருந்தாக உங்கள் கைக்கு வருமாயின், அதன் அளவையும் முறையையும் நாங்களே உங்கள் வயலுக்கு வந்து காட்டுவோம். அதுவரை, செடி வாடியதும் கடைக்குச் செல்லுமுன் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். ஒரு குவளை நீரும் ஒரு கத்தியும் கொண்டு தொடங்குவோம்.